புருஷன் பேர் சொன்னவள்

போன வாரம் நாகலெட்சுமி போட்டு உடைத்த சட்டியை இன்னும் யாரும் கூட்டி அள்ளவில்லை. துண்டுகள் அடுப்புக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. ஆளாளுக்குத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். அந்த வீட்டில் கொஞ்ச நாளாக எல்லாமே அப்படித்தான்.

இந்த வாரம்தான் படிக்க உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே வட்டப்பாறைத் தேயிலைத் தோட்டம். அங்கே பணிய லயம் என்கிற கீழ் வரிசைக் கூலி வீடுகளில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. அது வேலாயி பேரில் இருக்கிறது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் கொழுந்து எடுத்து அந்தக் காம்பராவைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள் மகராசி. கூடவே தம்பி சோலைமலையும், அவன் பெண்சாதி நாகலெட்சுமியும். மூன்று பேரும் ஓட்டுப் போடுகிற வயசுதான். ஆனால் வீட்டுக்கு ஒரே ஒரு ஓட்டு.

நாற்பத்தேழில் தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் ஓட்டு இருந்தது. அப்புறம் நீங்களெல்லாம் இந்தியாக்காரர்கள் என்று சட்டம் வந்தது, ஓட்டு லிஸ்டில் பேரை வெட்டினார்கள், பிரஜாவுரிமைக்கு மனுப் போடு என்றார்கள். பட்டிப்பொலவில் ரயில் ரோட்டு வேலை செய்த நாகலெட்சுமியின் அப்பா, மகள் பேரையும் சேர்த்து மனுப் போட்டார். கிடைத்தது. சோலைமலை சின்ன வயசில் படிக்கிறேன் என்று திருச்சிக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டான். அதைச் சொல்லியே தள்ளிவிட்டார்கள்; பெண்சாதி பிரஜை என்பதால் கப்பல் ஏற்றாமல் விட்டார்கள். வேலாயி கதை இன்னும் கண்டியில் விசாரணையில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. தள்ளிவிட்டால் அவள் கப்பல் ஏற வேண்டியதுதான். அவள் பிறந்தது இந்தத் தோட்டத்தில். இந்தியாவை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஓட்டில்லாத இந்தச் சோலைமலையிடம்தான் நாட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் ஓட்டைப் பற்றிக் கேட்கிறார்கள்.

நாற்பத்தேழில் அவன் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். லயம் லயமாகப் போய் ஓட்டுப் போடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தவன். ஐம்பத்திரண்டில் அதே ஆட்கள் தேர்தல் அன்றைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள். அதைப் பார்த்துத்தான் எழுத ஆரம்பித்தான். தொகுதி பிரிக்கும்போது தலைக்கணக்கில் நாங்களும் உண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் நாங்கள் இல்லையா என்று கேட்டான். வாத்தியார் வேலை போச்சு. ஹட்டனில் தொழிற்சங்கத்து ஆபீசில் ஒட்டிக்கொண்டான். ஊர் ஊராகப் போய்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசி, எந்தத் தொகுதியில் யார் வருவார் என்று எழுதுவான். பெரும்பாலும் அப்படியே நடக்கும். கொழும்புப் பேப்பர்க்காரர்களே தந்தி அடித்துக் கேட்பார்கள்.

கொஞ்ச காலமாக அவன் பிடித்துக்கொண்டு நிற்பது கள்ள ஓட்டு விஷயம். இந்த மலையில் நம் ஆட்களுக்கு இருப்பதே கொஞ்சம் ஓட்டு. அதையும் வேறு யாராவது போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். போட்டவர் யாராக இருந்தாலும் கோர்ட்டில் நிறுத்து, ஏழு வருஷத்துக்கு ஓட்டைப் பிடுங்கு என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஏன் செய்வதில்லை என்று வாராவாரம் எழுதுகிறான். தேர்தல் சட்டத்தைத் திருத்த யோசனை கேட்கிற குழு ஒன்று, திங்கட்கிழமை கொழும்புக்கு வந்து பேசச் சொல்லி அவனைக் கூப்பிட்டிருக்கிறது. நாற்பத்தேழிலிருந்து இந்தப் பதிமூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கூப்பிட்டதும் துள்ளிக் குதித்தானா? இல்லை. "சரி" என்றான். அவ்வளவுதான். அவனுக்கு மரத்துப்போய் வெகு காலமாயிற்று.

சட்டி உடைந்த கதைக்கு வருகிறேன். சங்கத்துக்காரர்கள் ஒருத்தருக்குப் போடச் சொன்னார்கள். பட்டிப்பொல அப்பா இன்னொருத்தருக்குப் போடச் சொல்லி ஆள் அனுப்பினார். சாயங்காலமானால் யாராவது வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள். நாகலெட்சுமிக்குத் தலை வெடித்தது.

"இந்த ஓட்டே எனக்கு வேண்டாம்! யாருக்கு வேணுமோ எடுத்துக்கங்க!" என்று கத்திவிட்டுச் சட்டியைத் தூக்கிப் போட்டாள். அங்கேதான் விட்டிருந்தோம்.

இன்றைக்குத் தேர்தல்.

ஆடி மழை விடியலிலேயே பிடித்துக்கொண்டது. ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடித்ததும் வேலாயி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"நாகு, போகலையா நீ?"

"எங்க?"

"ஓட்டுக்கு."

"நான் போகலை மதினி. என்னைய விட்டுருங்க எல்லாரும்."

வேலாயி கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். அப்புறம் படி இறங்கிப் போனாள்.

சோலைமலை பெண்சாதியைப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பேச வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தான். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவன் பழக்கம்.

"நம் ஆட்கள் ஓட்டுச்சாவடிக்கு வராமல் வீட்டில் இருக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் பேரில் வேறு யாரோ வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள்..."

அடுப்படியில் இருந்த நாகலெட்சுமி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னையத்தானே சொல்றீங்க?"

"பொதுவாச் சொல்றேன்."

"பொதுவாவாம்! கிளம்புங்க. போட்டுட்டு வந்துருவோம். பிறகு நாளப்பின்னே என்னைய வச்சுப் பேப்பர்ல எழுதாதீங்க."

மத்தியானம் சோறு தின்ற கையோடு இரண்டு பேரும் ஒரே குடையில் இறங்கிப் போனார்கள்.

சாவடி சிங்களப் பள்ளிக்கூடத்தில். வாசலில் இன்னொரு குடைக்குக் கீழே மர்சூக் நின்றார். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறவர், ஒரு வேட்பாளருக்கு இந்தப் பக்கத்தில் எல்லாம் அவர்தான். சோலைமலைக்கு ரொம்ப நாள் பழக்கம், அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"வாங்க மாஸ்டர்! வீட்டம்மாவா? போங்க தங்கச்சி, உள்ள கூட்டமே இல்லை."

நாகலெட்சுமி உள்ளே போனாள். ஓட்டில்லாதவன் உள்ளே போகக்கூடாது. தேர்தல் சட்டத்தைத் தலைகீழாகப் படித்தவன் வாசல் மழையில் நின்றான்.

உள்ளே நடந்ததைக் கேளுங்கள். நாகலெட்சுமி பேரைச் சொன்னாள். எழுத்தர் புரட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெரிய அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா, இந்தப் பேர்ல ஓட்டு காலையிலயே போட்டாச்சுதானே?"

"யாரு போட்டா? நான் இப்பத்தானே வர்றேன்!"

"உங்கட புருஷன்ட பேர் என்ன?"

நாகலெட்சுமிக்கு வாய் அடைத்துக்கொண்டது. கட்டின புருஷன் பேரை எப்படிச் சொல்லுவாள்? இந்த மலையில் எந்தப் பெண்தான் சொல்லுவாள்? சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று தாய் சொல்லி வளர்த்தவர்கள். பேர் கேட்டால் பக்கத்தில் யாராவது எடுத்துச் சொல்லுவார்கள். இங்கே பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

அவள் ஜன்னலைக் காட்டினாள். "அதோ தெரியுது பாருங்கய்யா பெருசா, அது. அதுக்கு முன்னால மரம் மட்டை அடர்ந்து நிக்குதே, அது. ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க."

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பாவம், அவருக்கு மழைதான் தெரிந்தது.

"காலையில வந்த அம்மா டக்குனு சொன்னாங்களே," என்றார் எழுத்தர். "சோலைமலைன்னு."

முன்னால் வந்தவள் சொல்லிவிட்டாள். இவள் சொல்லவில்லை. பார்க்கிறவனுக்கு யார் கள்ளி என்று தோன்றும்? கடைசியில் அதிகாரி நல்ல மனுஷனாக இருந்ததால் விரட்டாமல், ஒரு சீட்டைக் கொடுத்துப் போடச் சொல்லி, அதைத் தனியாக ஒரு உறையில் வைத்தார்.

வெளியே வந்தவள் முகம் வெளுத்திருந்தது. நடந்ததைச் சொன்னாள்.

"ஆனா போட்டுட்டேங்க. தனி உறையில வச்சிருக்காங்க."

"அதை எண்ணமாட்டாங்க," என்றான் சோலைமலை.

"அப்ப எதுக்குக் குடுத்தாங்க?"

"சும்மா குடுக்குறதுதான். சட்டத்துல இருக்கு."

மர்சூக்குக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாத்தீங்களா மாஸ்டர்! எதிர்ப்பக்கம் ஆள் இறக்கியிருக்கானுக. நம்ம ஏஜண்டு காலையில உள்ள இருந்தவரு சொன்னாரு. கம்பளியால தலையை மூடிக்கிட்டு ஒரு பொம்பளை வந்திச்சாம். புருஷன் பேரைக் கேட்டதும், 'சோலைமலை, பேப்பர்லயெல்லாம் எழுதுற சோலைமலை'ன்னு பெருமையாச் சொல்லிச்சாம். எங்கேயோ வெளியூர்ல இருந்து காசு குடுத்துக் கூட்டியாந்த ஆளு. நம்ம பொம்பளைக புருஷன் பேரைச் சொல்லுவாங்களா?"

சொல்லமாட்டார்கள். அது சோலைமலைக்கும் தெரியும். பெண்சாதி சொல்லமாட்டாள். வெளியூர்க்காரிக்கு அவன் பேப்பரில் எழுதுவது தெரியாது. அவன் பேரை அத்தனை பெருமையாகச் சொல்ல இந்தத் தோட்டத்தில் ஒருத்திதான் உண்டு. அம்மா செத்த பிறகு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள்.

அவனுக்குக் கோபம் வந்திருந்தாலும் பரவாயில்லை. பயம் வந்திருந்தாலும் பரவாயில்லை. ஒன்றும் வரவில்லை. "மழை விடுற மாதிரி இல்லை, வா போவோம்," என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டு நடந்தான்.

"பொலிசுக்குச் சொல்லியாச்சு மாஸ்டர்! பொழுது சாய வீட்டுக்கு வர்றேன்!" என்று பின்னால் கத்தினார் மர்சூக்.

ஒரே குடையில் மேடு ஏறினார்கள். லயம் கண்ணில் பட்டதும் நாகலெட்சுமி நின்றாள்.

"மதினிதானே?"

"ம்."

"எனக்கு உள்ளேயே தெரிஞ்சு போச்சுங்க. சொல்லத்தான் வாய் வரலை."

கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வேலாயி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கம்பளியை உதறிக் கொடியில் போட்டாள். இரண்டு பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் புரிந்துகொண்டாள்.

"ஆமா, நான்தான் போட்டேன்," என்றாள். "அவதானே வேண்டாம், எடுத்துக்கங்கன்னா. வீணாப் போறதை எடுத்துக்கிட்டேன்."

"ஓட்டு என்ன மிச்சச் சோறா அக்கா?"

"எனக்கு என்ன தெரியும்? அரைநாள் கூலிக்குப் பேரைப் போட்டுட்டு, கங்காணிகிட்ட வயித்துவலின்னு சொல்லிட்டுப் போனேன்."

"ஏன்க்கா?"

வேலாயி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கையைக் காட்டிச் சூடு பிடித்தாள்.

"நாப்பத்தேழுல நீ சொல்லிக் குடுத்துத்தான்டா போட்டேன். உன் மச்சான் இருந்தாரு. புதுச்சீலை எடுத்துக் குடுத்தாரு. ரெண்டு பேரும் சோடியாப் போனோம். திரும்பி வர்றப்ப நோட்டன் பஜார்ல வடை வாங்கிக் குடுத்தாரு. அன்னைக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இந்தத் தோட்டமே நம்மது மாதிரி இருந்துச்சு. இன்னொருக்கா அப்படி இருக்காதான்னு பாக்கப் போனேன்."

"இருந்துச்சா?"

"இல்லை தம்பி. போட்டேன், வெளியில வந்தேன். ஒண்ணுமே தோணலை. நேரா மலைக்குப் போயிட்டேன்."

அக்காவுக்கும் மரத்துப் போயிருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்து என்ன பிரயோஜனம்?

"யாருக்குப் போட்டே?"

"அதைப் பெத்த தாய்கூடக் கேக்கக்கூடாதுன்னு நீதானே எழுதினே?"

நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அழுகையும் வந்தது. "சிரிக்கிற விஷயமா மதினி இது? பொலிசுக்குச் சொல்லிட்டாங்க. கண்டியில உங்க விசாரணை கிடக்கு. கள்ள ஓட்டுப் போட்டான்னு பேரு வந்தா என்ன ஆகும்? கப்பல்ல ஏத்திருவாங்க!"

வேலாயி அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

சோலைமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எழுதியது எல்லாம் அவன் தலைக்குள் வரிசையாக வந்தது. போட்டவர் யாராக இருந்தாலும். யாராக இருந்தாலும் என்று எத்தனை தடவை எழுதியிருப்பான்! எழுதும்போது ஒரு தடியன் முகம்தான் மனசில் இருந்தது. சாராயம் குடித்துவிட்டு வருகிற ஒரு தடியன்.

வெளியே டார்ச் வெளிச்சம் தெரிந்தது. மர்சூக் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"உக்காருங்க நானா," என்றான் சோலைமலை.

"உக்கார நேரமில்லை மாஸ்டர். இன்ஸ்பெக்டர்கிட்டப் பேசிட்டேன். நாளைக் காலையில வருவாரு. இந்தக் கேசை விடக்கூடாது. எங்க ஆளு தோத்தா தேர்தல் மனுப் போடுவோம். அதுக்கு இது பெரிய சாட்சி. உங்களுக்கும் நல்லதுதானே? திங்கக்கிழமை அந்தக் குழு முன்னால நின்னு, என் வீட்டு ஓட்டையே களவெடுத்தானுகன்னு சொல்லுங்க. ஒருத்தன் வாயைத் தொறப்பானா? நீங்க யாரையாச்சும் சந்தேகப்பட்டாப் பேரை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

சோலைமலை எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பாய்க்கு அடியில் தள்ளினான்.

வேலாயி எழுந்தாள். "நானா, அது வந்து..."

"சோலைமலை," என்றாள் நாகலெட்சுமி.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகி ஏழு வருஷம். கோவிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களை விட்டுச் சொல்லச் சொல்லுகிறவள் அவள்.

"என் புருஷன் பேரு சோலைமலை," என்றாள் மறுபடியும். "காலையில வந்து அதைச் சொன்னது நான்தான். ஓட்டுப் போட்டதும் நான்தான்."

மர்சூக் வாயைப் பிளந்தார். "அப்ப மத்தியானம் வந்தது?"

"அதுவும் நான்தான். இவங்க ஓட்டுப் போடப் போவோம்னு கிளம்பிட்டாங்க. போட்டாச்சுன்னா யாருக்குன்னு கேப்பாங்க. எங்க அப்பா சொன்ன ஆளுக்குப் போட்டேன்னு தெரிஞ்சா சங்கத்துல இவங்களுக்குப் பொல்லாப்பு. அதான் பேசாமத் திரும்பவும் போனேன்."

"அப்படீன்னா மத்தியானம் ஏன் பேரைச் சொல்லலை?"

"இவங்க வாசல்லயே நின்னாங்களே. காதுல விழுந்துட்டா?"

எங்கிருந்து வந்ததோ அந்தச் சாமர்த்தியம்! பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் இப்படித்தான் கச்சிதமாக இருக்கும் போலிருக்கிறது. வேலாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாகலெட்சுமி அவள் கையைப் பிடித்து அழுத்திய அழுத்தலில் வளையல் நெளிந்தது.

"ரெண்டாவது தடவை போடப் போறதும் குத்தம்தான் தங்கச்சி," என்றார் மர்சூக் மெதுவாக. அவர் உற்சாகம் எல்லாம் இறங்கிவிட்டது. "கேசு உங்க மேல திரும்பும். ஏழு வருஷத்துக்கு ஓட்டு போயிரும். மாஸ்டர், என்ன இது? உண்மைதானா?"

சோலைமலை பெண்சாதியைப் பார்த்தான். அவளுக்குப் போனால் ஓட்டு போகும். அக்காவுக்குப் போனால் ஊரே போகும். இதைக் கணக்குப் போட அவனுக்கு வெகு நேரம் ஆகவில்லை. கணக்குப் போட்டுத்தான் அவன் பேர் வாங்கினான். திங்கட்கிழமை இனி எந்த முகத்தோடு கொழும்புக்குப் போவான்? போகவே முடியாது. அதுவும் அவனுக்குத் தெரிந்தது.

"சொல்லுங்க மாஸ்டர். நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டா நான் என்ன பேரைச் சொல்லட்டும்?"

"நாகலெட்சுமி," என்றான் சோலைமலை.

சொன்ன பிறகு நெஞ்சுக்குள் ஏதோ வலித்தது. நிஜமாகவே வலித்தது. பதிமூன்று வருஷமாக எங்கே போயிருந்ததோ, இப்போது வந்து சேர்ந்தது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மர்சூக் குடையை எடுத்தார். வாசலுக்குப் போனவர் நின்றார்.

"இன்ஸ்பெக்டர் தனியா வரமாட்டாரு மாஸ்டர். காலையில உள்ள இருந்த எங்க ஏஜண்டையும் கூட்டியாருவாரு. ஆளை அடையாளம் காட்டணும்ல?"

அவர் டார்ச் வெளிச்சம் படி இறங்கிப் போய் மறைந்தது.

"கம்பளியால மூடித்தானே இருந்தீங்க மதினி?" என்றாள் நாகலெட்சுமி. "முகத்தைப் பாத்திருக்கமாட்டான்ல?"

வேலாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லாப் பாத்தான் நாகு. நெசமாவே அந்தப் பேப்பர் சோலைமலைதானான்னு கேட்டான். ஆமான்னேன். எந்திரிச்சு நின்னு கும்பிட்டான். அதான், நானும் கம்பளியை எடுத்துட்டுப் பதிலுக்குக் கும்பிட்டேன்."